உப்புத்தண்ணிக் கணக்கும் ஒரு நோட்புக்கும்

முதல்லயே சொல்லிடறேன். இது கணினிப் பதிவு மாதிரி ஆரம்பிக்கும், நடுவுல தோல் பதனிடுற இடத்துக்குள்ள போகும், கடைசியில கிணத்தடியில போய் நிற்கும். நிரலி எழுதத் தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம். நானே ஞாயித்துக்கிழமை நிரலிக்காரன்தான். மத்த ஆறு நாளும் ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில டிரம்முக்குப் பக்கத்துல நிக்கிற ஆளு.

விஷயம் இதுதான். விஎஸ் கோட் எடிட்டர்ல இருக்கிற ஜுபிட்டர் நோட்புக் நீட்சியில சில வருஷமா புதுசு புதுசா வசதிகள் சேர்த்துக்கிட்டே இருக்காங்க. பட்டியல் போட்டு எழுதினா கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கும். அதனால எனக்கு உண்மையிலேயே உபயோகப்பட்ட நாலஞ்சை மட்டும், அது எதுக்கு உபயோகப்பட்டதுன்னு சேர்த்துச் சொல்றேன்.

நோட்புக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சாதாரண நிரலியில எல்லா வரியும் ஒரே கோப்புல இருக்கும், ஓட்டினா மேலிருந்து கீழே மொத்தமா ஓடும். நோட்புக்குல கட்டம் கட்டமா எழுதலாம். ஒரு கட்டத்துல நாலு வரி எழுதி ஷிஃப்ட் எண்டர் தட்டினா, அந்தக் கட்டம் மட்டும் ஓடி, விடை அதுக்குக் கீழேயே வந்து உட்காரும். அட்டவணைன்னா அட்டவணை, வரைபடம்னா வரைபடம். நடுவுல "இது எதுக்குப் பண்றேன்"னு தமிழ்லயே குறிப்பும் எழுதி வைக்கலாம். பள்ளிக்கூடத்துல கணக்கு நோட்டு வச்சிருந்தோமே, அதே மாதிரிதான்.

இதுக்கு மூலம் ஐபைத்தான். கொலம்பியாவில் பிறந்த ஃபெர்னாண்டோ பெரெஸ் என்கிற இயற்பியல் மாணவர் 2001ல் தன் சொந்த வேலைக்காக ஆரம்பித்தது. உலாவியில் ஓடும் நோட்புக் 2011 கடைசியில் வந்தது. 2014ல் ஜுபிட்டர்னு பேர் வச்சாங்க. ஜூலியா, பைத்தான், ஆர் என்கிற மூணு மொழிகளின் பேரைச் சேர்த்தது. கூடவே கலிலியோவுக்கு ஒரு வணக்கமும் அதுல இருக்கு. 1610 ஜனவரியில் அவர் வியாழனோட நிலாக்களை ராத்திரி ராத்திரியா பார்த்து, தேதி போட்டு, வரிசையா குறிச்சு வச்ச நோட்டுதான் இந்தப் பேருக்குக் காரணம். இந்த "தேதி போட்டு வரிசையா"ங்கிறதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

விஎஸ் கோட் 2015ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இலவச எடிட்டர். அதுக்கான பைத்தான் நீட்சியை எழுதினவர் டான் ஜெயமன்னே. தன்னந்தனியா ஆரம்பிச்சார், அது பிரபலமாகி 2017ல் மைக்ரோசாஃப்ட் அவரையே வேலைக்கு எடுத்துக்கிச்சு. 2020 நவம்பர்ல ஜுபிட்டரைப் பைத்தான் நீட்சியிலிருந்து பிரிச்சுத் தனி நீட்சியாக்கினாங்க. 2021ல் எடிட்டருக்குள்ளேயே நோட்புக்கைச் சொந்தப் பிள்ளையா சேர்த்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி அது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது. தேடு வேலை செய்யும், குறுக்குவிசை வேலை செய்யாது. இப்போ அந்தத் தொல்லை இல்லை.

வரலாறு போதும். டிரம்முக்கு வருவோம்.

டிரம் கார்டு

டேனரிக்குள்ள போகாதவங்களுக்காக: டிரம்னா மரத்துல செஞ்ச ஒரு பெரிய பீப்பாய், படுக்கை வசத்துல சுத்திக்கிட்டே இருக்கும். உள்ளே தோல், தண்ணி, சரக்கு. உப்புப் போட்ட தோலை முதல்ல ஊற வைக்கணும், பிறகு சுண்ணாம்பு போட்டு முடியை எடுக்கணும், சதையைச் செதுக்கணும், சுண்ணாம்பை வெளியேத்தணும், அமிலமும் உப்பும் சேர்த்துப் பிக்கிள் பண்ணணும். அப்புறம்தான் குரோம். அதுக்கும் அப்புறம் சோடா உப்பைக் கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா, தவணை தவணையா ஊத்தி அமிலத்தைக் குறைக்கணும். நீலமா வெளிய வரும், வெட் ப்ளூன்னு பேரு.

இதுல வரிசைதான் எல்லாமே. அமிலம் அதிகமா இருக்கும்போது குரோம் தோல்ல ஒட்டாது, அதனால உள்ளே வரைக்கும் போகும். போன பிறகு அமிலத்தைக் குறைச்சா, போன இடத்துலயே பிடிச்சுக்கும். இதையே தலைகீழா பண்ணினா குரோம் மேல்தோல்லயே பிடிச்சு நின்னுடும், நடுவுல பச்சைத்தோல் அப்படியே இருக்கும். சரக்கு அதேதான், அளவும் அதேதான். வரிசை மாறினா தோல் போச்சு.

அதனால ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு கார்டு உண்டு. எத்தனை மணிக்கு என்ன போட்டோம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிஷம் ஓடிச்சு, பி.ஹெச். எவ்வளவு. எங்க சூப்பர்வைசர் பாய் கணினி பக்கமே வராதவர். ஆனா கார்டு விஷயத்துல கறார். ஷிஃப்ட் மாறும்போது கார்டுல எழுதாத சரக்கு டிரம்முக்குள்ள போயிருந்தா அன்னிக்கு எல்லாருக்கும் பூஜைதான் :-) ஏன்னா அடுத்த ஷிஃப்ட்காரன் கார்டைப் பார்த்து, "சோடா இன்னும் போடல போல"ன்னு மறுபடி ஊத்துவான்.

நோட்புக் படிக்க ஆரம்பிச்சப்போ எனக்கு இது ரொம்பச் சீக்கிரம் புரிஞ்சதுக்குக் காரணம் இந்தக் கார்டுதான். திரையில தெரியுற கட்டங்கள் கார்டு. பின்னால ஓடிக்கிட்டிருக்கிற கர்னல் டிரம். நாம தட்டினதெல்லாம் கர்னலுக்குள்ள போயிடும், அது ஞாபகம் வச்சுக்கும். இப்போ ஒரு கட்டத்தை அழிச்சுட்டீங்கன்னு வைங்க. கார்டுல அந்த வரி போயிடும். டிரம்முக்குள்ள போன சரக்கு போகுமா? போகாது. மாறி (வேரியபிள்ங்க) உள்ளேயே இருக்கும், கீழ இருக்கிற கட்டங்கள் அதை எடுத்துக் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். திரையில இருக்கிறதை மட்டும் பார்க்கிறவனுக்கு விடை எங்கிருந்து வந்ததுன்னே தெரியாது.

இது நான் கண்டுபிடிச்ச குறை இல்லை. 2018ல் நியூயார்க்கில் நடந்த ஜுபிட்டர் மாநாட்டிலேயே ஜோயல் கிரஸ் என்பவர் மேடை ஏறி, எனக்கு நோட்புக் பிடிக்காதுன்னு ஒரு முழு உரை ஆத்தினார் (அவங்க வீட்டுக் கல்யாணத்துலயே!). அவர் சொன்ன முக்கியமான புகார் இதுதான். அடுத்த வருஷம், 2019ல், பிரேசில்காரர்கள் அடங்கிய ஒரு ஆய்வுக்குழு இணையத்தில் பொதுவில் கிடக்கிற சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைத் திரட்டிச் சோதிச்சாங்க. ஓட்டிப் பார்த்ததில் பிழை இல்லாமல் ஓடி முடிஞ்சது 24 சதவீதம் சொச்சம். எழுதினவர் காட்டின அதே விடை திரும்ப வந்தது 4 சதவீதம் சொச்சம்தான்.

நூத்துக்கு நாலு. டேனரியில இந்தக் கணக்குல தோல் தேறினா மறுநாளே பூட்டுப் போட்டுடுவாங்க.

அக்கா பொண்ணோட கிணறுகள்

அக்கா பொண்ணு இன்ஜினியரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு அவ எடுத்துக்கிட்டது ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவுல பாலாத்தோரக் கிணறுகள். தண்ணியில உப்பு எவ்வளவுன்னு அளக்கணும். எங்க ஊர்ல இது ஏதோ புதுக் கேள்வி இல்லை. எங்க பாட்டி காலத்துலயே கேட்டுக்கிட்டிருந்ததுதான்.

தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை நேரடியா அளக்கிறது வேலை பிடிச்ச காரியம், வத்த வச்சு எடை போடணும். அதனால சுலபமா மின்கடத்துதிறனை அளந்து, அதை ஒரு எண்ணால பெருக்கி உப்பு அளவுன்னு எடுத்துக்குவாங்க. தண்ணிக்குத் தண்ணி அந்த எண் கொஞ்சம் மாறும். 0.64ன்னு போடுறது பரவலான வழக்கம். அவளும் அதையே போட்டிருந்தா.

ஒரு ஞாயித்துக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கிட்டு வந்தா.

"மாமா, காலையில இந்தக் கிணத்துத் தண்ணி குடிக்க லாயக்கில்லன்னு வந்துது. இப்போ பாத்தா லிமிட்டுக்குள்ள இருக்குன்னு வருது. தண்ணி அதேதான். நான் ஒண்ணும் மாத்தல."

"நடுவுல இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல மாமா. வரைபடம் சரியா வரலன்னு மறுபடி ரன் பண்ணேன், அவ்ளோதான்."

அவ எழுதியிருந்த கட்டம் இந்த மாதிரி இருந்தது:

அளவு = அளவு * 0.64

(பைத்தானில் தமிழ்ப் பேர் வைக்கலாமான்னு கேட்கிறவங்களுக்கு: தாராளமா வைக்கலாம். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3லிருந்தே முடியும். மேல இருக்கிற வரியை அப்படியே ஒட்டினா ஓடும். வீட்டுக்குள்ள எழுதுற நிரலிக்கு இதுதான் எனக்கு வசதி, அவளுக்கும் நான்தான் ஒட்ட வச்சேன்.)

இந்தக் கட்டத்தை ஒரு தடவை ஓட்டினா கடத்துதிறன் உப்பு அளவாகும். ரெண்டாம் தடவை ஓட்டினா? உப்பு அளவை மறுபடி 0.64ஆல் பெருக்கும். அது எதுவும் ஆகாது, வெறும் எண். ஆனா பிழைன்னு கத்தாது, சிவப்புக் கோடு போடாது. அமைதியா ஒரு விடையைக் கொடுத்துட்டுப் போயிடும்.

கணக்குக்கு ஒரு எண் வச்சுப் பார்ப்போம். மீட்டர் 4000 காட்டுதுன்னு வைங்க. ஒரு தடவை பெருக்கினா 2560. ரெண்டு தடவை பெருக்கினா 1638. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 என்ன சொல்லுதுன்னா, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது. வேற தண்ணிக்கு வழியே இல்லைன்னா 2000 வரைக்கும் பொறுத்துக்கலாம். 2560 அந்தக் கோட்டுக்கு மேல. 1638 கோட்டுக்குக் கீழே. ஆக, ஷிஃப்ட் எண்டரை ஒரு தடவை கூடுதலா தட்டினதுல, குடிக்கக் கூடாத கிணறு குடிக்கலாம்கிற பக்கம் வந்துடுச்சு. பாலாத்தைச் சுத்தம் பண்ண இவ்ளோ சுலபமான வழி இருக்கிறது இத்தனை வருஷமா யாருக்கும் தெரியாமப் போச்சே!

சிரிப்பை விடுங்க. இப்போ வசதிகளுக்கு வரேன், ஒவ்வொண்ணும் இந்த இடத்துல என்ன பண்ணிச்சுன்னு.

ஒண்ணு: கட்டத்தோட எண். இது புதுசு இல்லை, பழசு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடது ஓரத்துல சதுர அடைப்புக்குள்ள ஒரு எண் வரும், எத்தனையாவதா ஓடினதுன்னு. அவ நோட்புக்குல மேலிருந்து கீழே 1, 2, 4, 5ன்னு இருந்தது. "மூணு எங்கடி போச்சு?"ன்னு கேட்டேன். பெருக்கல் கட்டம் முதல்ல 3ஆ ஓடி, மறுபடி ஓடினதுல 4 ஆகிடுச்சு. பழைய எண்ணை அது வச்சுக்கிறதில்லை. ஓட்டைதான் சாட்சி. கார்டுல ஒரு வரி கிழிஞ்சிருந்தா பாய் கண்டுபிடிக்கிற மாதிரி. விஎஸ் கோட்ல இப்போ எண்ணோட ஓடி முடிக்க எடுத்த நேரமும் கட்டத்துக்குக் கீழேயே தெரியுது.

ரெண்டு: மாறிகள் பலகை. மேல இருக்கிற பட்டையில வேரியபிள்ஸ்னு இருக்கும், தட்டினா கீழ ஒரு பலகை திறக்கும். கர்னலுக்குள்ள இந்த நிமிஷம் என்னென்ன இருக்கு, என்ன வகை, எவ்வளவு பெரிசு, என்ன மதிப்பு, எல்லாம் வரிசையா. இதைத்தான் டிரம்மோட கதவைத் திறந்து பார்க்கிறதுன்னு சொல்லுவேன். அழிச்ச கட்டத்தோட மிச்சமெல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கும். 'அளவு'ன்னு தமிழ்லயே பேர் பார்க்கிறது ஒரு தனிச் சந்தோஷம்.

மூணு: வரி வரியா ஓட்டுறது. ரன் பை லைன்னு ஒரு பொத்தான். ஒரு தட்டுக்கு ஒரு வரிதான் ஓடும். மாறிகள் பலகையைப் பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டு அவளையே தட்டச் சொன்னேன். தட்டினா. 4000 இருந்த இடத்துல 2560 வந்தது. "மறுபடி அதே கட்டம்"னேன். 1638. அதுக்கு மேல நான் விளக்க வேண்டியிருக்கல. நாலு பக்கம் எழுதி விளக்கியிருந்தாலும் இந்த ரெண்டு தட்டு அளவுக்குப் புரிஞ்சிருக்காது.

திருத்தம் சின்னது. பழையது மேலேயே எழுதாம, புதுப் பேர்ல வை:

உப்பு = கடத்துதிறன் * 0.64

இதை நூறு தடவை ஓட்டினாலும் விடை மாறாது. மீட்டர் காட்டின எண் தொடப்படாம அப்படியே இருக்கும்.

நாலு: டேட்டா ரேங்ளர். இது 2023ல் வந்த தனி நீட்சி, நோட்புக்கோட சேர்ந்து வேலை செய்யும். அட்டவணையைத் திறந்தா ஒவ்வொரு பத்திக்கும் தலையில ஒரு குட்டி வரைபடம் போடும். எத்தனை காலி, எத்தனை வேறுபட்ட மதிப்பு, எண்கள் எங்கே குவிஞ்சிருக்குன்னு ஒரு பார்வையில தெரியும். அவளோட கடத்துதிறன் பத்தியில ரெண்டு மேடு இருந்தது. ஒட்டக முதுகு மாதிரி.

ஆத்துக்குப் பக்கத்துக் கிணறு ஒரு மேடு, தூரக் கிணறு இன்னொரு மேடுன்னு அவ சொன்னா. இருக்கலாம்தான், கேட்க நல்லா இருந்தது. ஆனா அவ கையால எழுதின நோட்டை எடுத்துப் பார்த்தோம். பாதிக் கிணறு காலேஜ் மீட்டர்ல அளந்தது. அது பழுதானப்போ மீதியை ஆர்.ஓ. கடையில இரவல் வாங்கின பேனா மீட்டர்ல அளந்திருக்கா. அந்தப் பேனா மீட்டர் தனக்குள்ளேயே ஒரு பெருக்கல் போட்டு, பிபிஎம்னுதான் காட்டும். எந்த எண்ணால பெருக்குதுங்கிறது மீட்டருக்கு மீட்டர் மாறும். ஆக, ஏற்கனவே பெருக்கின எண்ணை இவ நிரலி இன்னொரு தடவை பெருக்குது. மறுபடி அதே வியாதி, வேற வாசல் வழியா!

குட்டி வரைபடம் ரெண்டு மேடு இருக்குன்னு காட்டும். ஏன் இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதைச் சொன்னது "கடை மீட்டர்"னு பால்பாயிண்ட் பேனாவுல கிறுக்கியிருந்த ரெண்டு வார்த்தை. வரைபடம் இல்லைன்னா அந்த நோட்டை நாங்க எடுத்திருக்கவே மாட்டோம், அது வேற விஷயம்.

டேட்டா ரேங்ளர்ல எனக்குப் பிடிச்ச இன்னொண்ணு: நீங்க கையால காலி வரிசையை நீக்கினாலும் சரி, பத்திக்குப் பேர் மாத்தினாலும் சரி, மூல அட்டவணையைத் தொடாது. ஒரு நகல்ல செய்யும். செஞ்ச ஒவ்வொரு காரியத்தையும் ஓரத்துல பட்டியல் போட்டு, அதுக்கான பைத்தான் வரியையும் எழுதிக் கொடுக்கும். அதை நோட்புக்குல சேர்த்துக்கலாம். எக்ஸெல்ல ஒரு வரிசையை அழிச்சா அழிச்சதுதான், ஏன் அழிச்சோம்னு மூணு மாசம் கழிச்சு நமக்கே தெரியாது. இங்கே எழுதியிருக்கும்.

அஞ்சு: ஒப்பிட்டுப் பார்க்கிறது. அவகிட்ட "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஒரிஜினல் ஃபைனல்"னு மூணு கோப்பு இருந்தது (யார்கிட்டதான் இல்லை). நோட்புக் கோப்பைச் சாதாரண எழுத்தா திறந்தா படம் எல்லாம் எழுத்துக் குவியலா மாறி, எது எங்கே மாறிச்சுன்னே தெரியாது. விஎஸ் கோட்ல ரெண்டையும் பக்கம் பக்கமா வச்சா கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட்டுக் காட்டும். நிரலி மாறினதைத் தனியா, விடை மாறினதைத் தனியா. நிரலி ஒரு எழுத்துகூட மாறாம விடை மட்டும் மாறியிருக்கிற கட்டம்தான் விஷயமுள்ள கட்டம். அங்கேதான் டிரம்முக்குள்ள என்னமோ நடந்திருக்கு.

கொதிதண்ணிச் சோதனை

குரோம் முடிஞ்சதும் நாங்க ஒண்ணு பண்ணுவோம். தோல்ல ஒரு சின்னத் துண்டு வெட்டி, ஓரத்தை வரைஞ்சு வச்சுக்கிட்டு, கொதிக்கிற தண்ணியில ரெண்டு மூணு நிமிஷம் போடுவோம். சுருங்கலைன்னா தேறிச்சு. சுருண்டுக்கிச்சுன்னா கார்டு எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் பிரயோஜனமில்லை.

நோட்புக்குக்கும் ஒரு கொதிதண்ணி உண்டு. கர்னலை ரீஸ்டார்ட் பண்ணிட்டு, ரன் ஆல். உள்ளே இருந்த ஞாபகம் எல்லாம் போயிடும், காலி டிரம். பிறகு எழுதியிருக்கிறது எழுதியிருக்கிற வரிசையில மட்டும் ஓடும். அதே விடை வந்தா அந்த நோட்புக்கை நம்பலாம். நடுவுல நின்னுடுச்சுன்னா, எப்பவோ அழிச்ச கட்டத்தை நம்பிக்கிட்டு அது ஓடிக்கிட்டிருந்ததுன்னு அர்த்தம்.

புது வசதி எதுவும் இல்லாம இதை எப்பவும் செஞ்சிருக்கலாம்கிறது உண்மைதான். ஆனா சோதனை தோத்தா எங்கே தேடணும்னு தெரியணுமில்ல? அதுக்குத்தான் மேல சொன்ன அஞ்சும்.

ஏன் இவ்வளவு மல்லுக்கட்டணும்?

ஒரு காலேஜ் ப்ராஜெக்ட், மார்க்கு வாங்கிட்டுப் போகட்டுமேன்னு அக்காவே சொன்னாங்க. எனக்கு அப்படி விட மனசு வரலை. எங்க ஊர்க் கிணத்துக் கணக்கு டெல்லி வரைக்கும் போயிருக்கு.

1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வழக்குக்குப் பேரே வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. மாசுபடுத்தினவரே செலவை ஏற்கணும், முன்னெச்சரிக்கையா நடந்துக்கணும்கிற ரெண்டு கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதின்னு சொன்ன தீர்ப்பு. சட்டக் கல்லூரிகள்ல இன்னிக்கும் பாடம். தோல் தொழிற்சாலை ஒவ்வொண்ணும் 10,000 ரூபாய் அபராதம் கட்டணும்னும் அதுல உத்தரவு.

அந்தத் தீர்ப்பைப் படிச்சுப் பார்த்தா எண்கள் வரும். தோல் வட்டாரத்துல 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பாதியோ முழுசோ பாழ்னு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆய்வு மையம் கண்டது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்கள்ல ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு: குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகள்ல 350 கெட்டுப் போச்சுங்கிறது. யாரோ வெயில்ல கிணறு கிணறா நடந்து எண்ணியிருக்காங்க. அந்த எண் நீதிமன்றத்துல நின்னிருக்கு.

அது முடிஞ்சு போன கதையும் இல்லை. இழப்பீட்டை நிர்ணயிக்க அமைச்ச ஆணையம் 2001லும் 2009லும் தொகை குறிச்சது. அது பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் போய்ச் சேரலைன்னு வழக்கு நடந்து, 2025 ஜனவரி 30ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடி தீர்ப்பு சொல்லிச்சு. மிச்சத் தொகையை முதல்ல அரசே கொடுத்துட்டு, மாசுபடுத்தினவங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும்னு உத்தரவு. முதல் தீர்ப்புக்கும் இதுக்கும் நடுவுல 28 வருஷம் ஓடிடுச்சு.

எனக்குச் சோறு போடுறது தோல். எங்க வீட்டுக் கிணத்தைக் கெடுத்ததும் தோல். ரெண்டுல எதையும் நான் மறைக்கப் போறதில்லை. வேலைக்குப் போகும்போது பொது சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டித்தான் போறேன். சவ்வூடு வடிச்சுத் தண்ணியைத் திருப்பி எடுக்கிறாங்க, மிச்சமாகிற உப்பை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு முழிக்கிறாங்க. முன்னைக்கு இப்போ பரவாயில்லைன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. ஒண்ணும் மாறலைன்னு ஆத்தோரத்துக்காரங்க சொல்றாங்க. இதுல யார் சொல்றது சரின்னு தீர்க்கணும்னா கிணறு கிணறா அளந்த எண் வேணும். எந்தக் கட்சிக்காரன் கையில கொடுத்தாலும் ரீஸ்டார்ட் பண்ணி ஓட்டினா அதே விடை வர்ற எண்ணா இருக்கணும். ரெண்டு தடவை பெருக்கின எண்ணை வச்சுக்கிட்டு "பாருங்க, தண்ணி தேறிடுச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா, அதை மறுக்க அடுத்தவருக்கு இன்னும் ஒரு 28 வருஷம் ஆகலாம்.

கடைசியா வந்த வசதி

2025ல் விஎஸ் கோட்ல கோபைலட் உதவியாளருக்கு நோட்புக்கைத் திருத்தவும் வழி பண்ணிட்டாங்க. "இந்தத் தரவைச் சுத்தம் பண்ணி வரைபடம் போடு"ன்னு சொன்னா அதுவே கட்டம் சேர்க்கும், திருத்தும், ஓட்டவும் ஓட்டும். ஓட்டுறதுக்கு முன்னாடி நம்மகிட்ட அனுமதி கேட்கும்.

நானும் உபயோகிக்கிறேன், வேலை சட்டுனு முடியுது. ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. இதுவரைக்கும் டிரம்முல சரக்குப் போட்டது ஒரு கை. இப்போ ரெண்டு கை. அனுமதி கேட்குதுன்னு சரி சரின்னு தட்டிக்கிட்டே போனா, ஷிஃப்ட் மாறினப்போ கார்டு பார்க்காத ஆளு மாதிரிதான் நாம. அது வேலை செஞ்சு முடிச்ச பிறகு ஒப்பிட்டுப் பார்க்கிறதும், ரீஸ்டார்ட் பண்ணி ஓட்டுறதும் முன்னைவிட இப்போதான் அதிகமா வேணும். "கடை மீட்டர்"ங்கிற ரெண்டு வார்த்தை அதுக்குத் தெரியவும் தெரியாது. அது காகித நோட்டுல இருக்கு.

அக்கா பொண்ணு கடை மீட்டர்ல அளந்த கிணறுகளுக்கு மறுபடி போய், பழுது பார்த்த காலேஜ் மீட்டர்ல அளந்துட்டு வந்தா. ரெண்டு நாள் வெயில். ஒரு இடத்துல நாய் துரத்திச்சாம். அட்டவணையில இப்போ மீட்டர், தேதின்னு ரெண்டு பத்தி கூடியிருக்கு. நோட்புக்கோட முதல் கட்டத்துல தமிழ்ல குறிப்பு: எந்த மீட்டர், எதனால 0.64, எந்தக் கிணறு ரெண்டாம் தடவை அளந்தது. ஒட்டக முதுகு போயிடுச்சான்னு கேட்பீங்க. முழுசா போகலை. ஆத்துக்குப் பக்கம் ஒரு சின்ன மேடு மிச்சம் இருக்கு. அவ முதல்ல சொன்னது கொஞ்சம் உண்மைதான் போல. ஆனா இப்போ அதை அவ தைரியமா சொல்லலாம்.

இன்னொரு சின்னத் தொல்லை மட்டும் தீரலை. மாறிக்குத் தமிழ்ப் பேர் வைக்கலாம், பலகையில தமிழ் அழகா தெரியுது, ஆனா வரைபடத்துல கிணத்துப் பேரைத் தமிழ்ல போட்டா பெட்டி பெட்டியா வருது. மேட்பிளாட்லிப்போட இயல்பான எழுத்துருவில் தமிழே இல்லை. தமிழ் எழுத்துருவை மாத்திக் கொடுத்தா பெட்டி போயிடுது, ஆனா என்கிட்ட இருக்கிற பதிப்புல கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது. திஸ்கி, டேப்னு எழுத்துருவோட மல்லுக்கட்டின காலம் ஞாபகம் வந்துடுச்சு. யாராவது இதைச் சரி பண்ணியிருந்தீங்கன்னா எப்படின்னு சொல்லுங்க. அவ அடுத்த மாசம் அறிக்கை கொடுக்கணும். கிணத்துப் பேரெல்லாம் தமிழ்லதான் போடுவேன்னு அடம் பிடிக்கிறா.